முதல் மூச்சில் பிறக்கவேண்டிய சாவி

ரயில்வேயில் இரண்டு விதமான சாவிகள் உண்டு. ஒன்று, டிக்கெட் பரிசோதகரும் கோச் அட்டெண்டன்டும் கையில் வைத்திருக்கும் கேரேஜ் கீ. பெட்டிக் கதவைப் பூட்டவும் திறக்கவும் பயன்படுவது. தெற்கே போகும் வண்டியானாலும் வடக்கே போகும் வண்டியானாலும் அதே சாவி பொருந்தும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பெட்டிக்குப் பெட்டி தனிச் சாவி என்று வைத்தால், அவசரத்தில் கதவைத் திறக்க ஆளைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்!

மற்றொன்று, ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த நீல்ஸ் டோக்கன். பார்ப்பதற்கு ஓர் எஃகுப் பந்து. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒரு பிளாக் செக்‌ஷனுக்கு மட்டும் உரியது. எந்தப் பிரிவுக்கு உரியது என்பது அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பந்து கைக்கு வந்து, அதில் உள்ள எழுத்தையும் படித்துப் பார்த்த பிறகே டிரைவர் வண்டியை எடுப்பார். பக்கத்துப் பிரிவின் கருவியில் அதைப் போட்டால் உள்ளே போகாதபடி அதன் வெட்டு மாறியிருக்கும். ஒரே பந்து எல்லாப் பிரிவுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

கதவு திறக்கும் சாவி பொதுவாக இருக்கலாம். "இது இன்னது" என்று அடையாளம் சொல்லும் சாவி மட்டும் பொதுவாக இருக்கக்கூடாது. இந்தச் சிறிய வித்தியாசம் மறந்துபோனதால் கம்ப்யூட்டர் உலகில் நேர்ந்த ஒரு பெரிய சங்கடத்தையும், அதற்குக் கண்டுபிடித்த பரிகாரத்தையும், அந்தப் பரிகாரத்திலேயே ஒளிந்திருந்த வேறொரு சங்கடத்தையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

"இது நமக்கு எதற்கு?" என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். இன்று நம்மைப் போன்ற தமிழ்ச் சங்கங்கள்கூட உறுப்பினர் பட்டியல், நன்கொடைக் கணக்கு, வரன் தேடுவோர் தந்த ஜாதக விவரம் என்று எல்லாவற்றையும் எங்கோ வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில்தான் வைத்திருக்கின்றன. பள்ளிக்கூடங்கள், சிறு வணிகர்கள், டாக்டரின் கிளினிக், எல்லோரும் அப்படியே. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சர்வர்களைப் பராமரிப்பதே பிழைப்பு. ஆகவே இது நம் வீட்டு விஷயமும்தான்.

வாடகைக் கம்ப்யூட்டர்

முன்பெல்லாம் ஒரு நிறுவனத்துக்குச் சர்வர் வேண்டுமென்றால் பெட்டியை வாங்கி, குளிர்பதன அறையில் வைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து மென்பொருளை நிறுவுவார்கள். இப்போது "கிளவுட்" என்ற பெயரில் மணிக்கணக்கு வாடகைக்குச் சர்வர் கிடைக்கிறது. மேகம் என்று பெயரே தவிர, இருப்பது தரையில்தான். அமேசான் நிறுவனம் தன் கிளவுட் சேவைக்கான மையங்களை மும்பையில் 2016-லும் ஹைதராபாத்தில் 2022-லும் திறந்தது. அத்தகைய மையத்தில் உள்ள ஒரு பெரிய இயந்திரத்தைப் பல சிறு இயந்திரங்களாக, மென்பொருளின் துணைகொண்டு, தடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு பெரிய வீட்டைப் பல போர்ஷன்களாகத் தடுப்பதைப் போல என்று சொல்லலாம்.

கேட்ட ஒரிரு நிமிடத்தில் சர்வர் தயாராகிவிடுகிறதே, எப்படி? அங்கேதான் "இமேஜ்" வருகிறது. ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுவி, அதன் டிஸ்க்கை அப்படியே ஒரு மூலப் பிரதியாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். வாடகைக்காரர் வந்ததும் அந்த மூலத்திலிருந்து ஒரு நகல் எடுத்து ஓடவிடுகிறார்கள். ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் நகல்.

விண்ணப்பப் படிவத்தை ஆயிரம் ஜெராக்ஸ் எடுக்கலாம், தவறில்லை. ஆனால் கையெழுத்தும் போட்டு முத்திரையும் குத்திய படிவத்தை ஆயிரம் ஜெராக்ஸ் எடுத்து ஊரெல்லாம் கொடுத்தால்? இமேஜ் விஷயத்தில் நடந்தது இதுதான். அந்தக் கையெழுத்து எது என்பதைத் தெரிந்துகொள்ள, எஸ்.எஸ்.எச். என்பதைப் பற்றிச் சிறிது அறியவேண்டும்.

தபால் அட்டையும் முத்திரையும்

தொலைவில் உள்ள கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்குவதற்கு ஆதியில் டெல்நெட், ஆர்-லாகின் என்ற வழிகள் இருந்தன. அவற்றில் ஒரு குறை: நாம் தட்டும் பாஸ்வேர்ட் திறந்த தபால் அட்டையில் எழுதியதைப் போல வழியெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி போகும். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ நுழைந்து பாஸ்வேர்டுகளை இப்படிக் களவாடினார்கள். அதைக் கண்ட அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாட்டு யுலோனென் என்பவர் 1995-ல் எஸ்.எஸ்.எச்., அதாவது "செக்யூர் ஷெல்" என்ற முறையை எழுதி வெளியிட்டார். பிறகு 1999 டிசம்பரில் ஓப்பன்-பி.எஸ்.டி. குழுவினர் "ஓப்பன்-எஸ்.எஸ்.எச்." என்ற இலவசப் பதிப்பைத் தந்தார்கள். இன்று உலகின் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களின் வாசற்கதவு அதுதான்.

இந்த வாசலில் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. "வருபவர் யார்?" என்று சர்வர் கேட்பது ஒன்று. இதற்குப் பாஸ்வேர்டோ, நம்முடைய சொந்தச் சாவியோ பதில். இதை எல்லோரும் அறிவார்கள். "நான் வந்திருக்கும் வீடு எது?" என்று நாம் கேட்பது இரண்டாவது. இதற்குச் சர்வர் தரும் பதில்தான் "ஹோஸ்ட் கீ" எனப்படும் சர்வரின் சாவி.

இந்தச் சாவி ஒரு ஜோடி. ஒரு பாதி ரகசியம். சர்வரை விட்டு வெளியே வரவே கூடாது. மற்றொரு பாதி பகிரங்கம், யாரும் பார்க்கலாம். பழைய காலத்து முத்திரை மோதிரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மோதிரம் விரலில் இருக்கும். அதன் பதிவு எப்படி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். நாம் ஒவ்வொரு முறை இணையும்போதும் சர்வர் அந்த நேரத்துக்கென்றே உருவான ஒரு செய்தியில் தன் முத்திரையைக் குத்தி அனுப்பும். நம் கம்ப்யூட்டர் அதைப் பதிவோடு ஒப்பிட்டு, "சரி, அதே வீடுதான்" என்று உள்ளே போகவிடும்.

முதல்முறை போகும்போது ஒப்பிடப் பழைய பதிவு ஏது? ஆகவே நம் கம்ப்யூட்டர், "இந்த முகவரி எனக்குப் புதிது, இதன் கைரேகை இப்படி இருக்கிறது, தொடரலாமா?" என்று கேட்கும். "ஆம்" என்றால் அந்தக் கைரேகையை ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும். பின்னொரு நாள் அதே முகவரியில் வேறு கைரேகை வந்தால், பெரிய எழுத்தில் கூச்சல் போட்டு எச்சரித்துவிட்டு, உள்ளே போக மறுத்துவிடும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். எந்த இரண்டு சர்வருக்கும் ஒரே மோதிரம் இல்லாத வரையில்!

மோதிரமும் சேர்ந்து நகலானது

மூலப் பிரதியைத் தயாரிப்பவர் லினக்ஸை நிறுவுகிறார். அதனுடன் எஸ்.எஸ்.எச்.-ஐயும் நிறுவுகிறார். நிறுவிய அந்தக் கணத்திலேயே ஹோஸ்ட் கீ பிறந்துவிடுகிறது. பிறகு அவர் டிஸ்க்கை மூலப் பிரதியாக எடுக்கிறார். மோதிரமும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பிரதியிலிருந்து எழும்பும் ஆயிரம் சர்வர்களுக்கும் ஒரே மோதிரம்.

இதில் பயப்பட வேண்டியது யாரைக் கண்டு? தொலைதூரத்து மாயாவி யாரும் தேவையில்லை. அதே இமேஜிலிருந்து சில மணி நேரத்துக்கு ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கும் எவரும் போதும். தன் சர்வருக்கு அவரே முழு அதிகாரி. அதில் உள்ள ரகசியப் பாதியை அவர் தாராளமாகப் படிக்கலாம். அது உங்கள் சர்வரின் ரகசியப் பாதியும் ஆகும். பூட்டை உடைக்கவில்லை, சட்டத்தை மீறி எங்கும் நுழையவில்லை. நியாயமாகக் காசு கொடுத்தே உங்கள் மோதிரத்தை வாங்கிவிட்டார்.

மோதிரம் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் உங்கள் சர்வரை அழைக்கும்போது வழியில் அவர் குறுக்கே வந்து நிற்கவேண்டும். லாட்ஜில் கிடைக்கும் வைஃபை, பாதுகாப்பில்லாத ரவுட்டர், முகவரிப் பட்டியலில் செய்த தில்லுமுல்லு, இவற்றில் ஏதாவது ஒன்று அதற்குப் போதும். அப்போது அவர் "நான்தான் உங்கள் சர்வர்" என்று சொல்லி முத்திரையைக் குத்துவார். பதிவு சரியாக இருக்கும். நீங்கள் பாஸ்வேர்டைத் தட்டினால் அது நேரே அவர் கையில். அதைக்கொண்டு அவர் உண்மையான சர்வருக்குள் போய்விடலாம்.

இங்கே ஒன்றிரண்டு விஷயங்களை மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். நேற்றுவரை நடந்த உரையாடல்களை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால், ஹோஸ்ட் கீயைக் கொண்டு அவற்றைப் பிரித்துப் படிக்க முடியாது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு தற்காலிகச் சாவி உருவாகி அழிந்துவிடுகிறது. பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சொந்தச் சாவியைக் கொண்டு நுழைபவரின் கையொப்பத்தை அந்த வேஷதாரி உண்மையான சர்வரிடம் கொண்டுபோய்க் காட்டவும் முடியாது. ஆனால் அவரே சர்வர்போல நடித்து, நீங்கள் அனுப்பும் ஃபைல்களையும் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, எச்சரிக்கை மணி அடிக்காது என்பது. கைரேகை மாறினால்தானே கூச்சல்? இங்கே மாறவேயில்லையே! திருடன் வந்தால் குரைக்கும் நாய், திருடன் வீட்டுச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்ததால் வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கிறது.

ஏட்டில் உள்ள சில சம்பவங்கள்

கற்பனைப் பயம் என்று எண்ணவேண்டாம். 2013-ல் டிஜிட்டல் ஓஷன் என்ற அமெரிக்க கிளவுட் நிறுவனத்தின் சில உபுண்டு இமேஜ்களில் ஒரே ஹோஸ்ட் கீ எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போய்க்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. நிறுவனம் இமேஜ்களைத் திருத்தியதோடு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வர்களில் சாவியை மாற்றிக்கொள்ளும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2015 ஜூனில் சிஸ்கோ நிறுவனம், மின்னஞ்சலையும் இணையத்தையும் காவல் காக்கும் தன்னுடைய மெய்நிகர் சாதனங்களில் இதே குறை இருந்ததாக அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. காவல்காரருக்கே அடையாளச் சிக்கல்!

அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரியாவின் செக் கன்சல்ட் நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 70-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களின் 4,000-க்கும் மேற்பட்ட ரவுட்டர், மோடம், கேமரா போன்ற சாதனங்களின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தார்கள். 580-க்கும் மேற்பட்ட ரகசியச் சாவிகள் உள்ளே அப்படியே கிடந்தன. அவற்றில் சுமார் 80 எஸ்.எஸ்.எச். சாவிகள் மட்டும் உலகெங்கும் சுமார் 9 லட்சம் சாதனங்களில் புழங்கிக்கொண்டிருந்தன. கேரேஜ் கீயைப்போல ஒன்றே பலவற்றுக்கும்!

பரிகாரம்

மூலப் பிரதியில் மோதிரமே இருக்கக்கூடாது. நகல் முதன்முதலாக உயிர்பெற்று எழும்போது, அந்த முதல் மூச்சிலேயே தனக்கென்று ஒரு மோதிரத்தை வார்த்துக்கொள்ள வேண்டும். பரிகாரம் அவ்வளவுதான். சொல்வது எளிது, செய்வதில் நுணுக்கம் உண்டு.

பெரும்பாலான கிளவுட் இமேஜ்களில் "கிளவுட்-இனிட்" என்றொரு சிறு மென்பொருள் இருக்கும். சர்வர் எழுந்ததும் அது கிளவுட் நிறுவனத்திடம், "எனக்கு என்ன எண் கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறது. ஒவ்வொரு வாடகைச் சர்வருக்கும் தனி எண் உண்டு. கிடைத்த எண்ணைத் தன் டிஸ்க்கில் குறித்து வைத்திருக்கும் பழைய எண்ணோடு ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால், "நான் பழைய ஆள்தான், தூங்கி எழுந்திருக்கிறேன்" என்று சாவியைத் தொடாமல் விட்டுவிடும். எண் வேறாக இருந்தால், "நான் புதிதாகப் பிறந்திருக்கிறேன்" என்று தெளிந்து, மூலத்திலிருந்து வந்த சாவிகளை அழித்துவிட்டு, ஆர்.எஸ்.ஏ., இ.சி.டி.எஸ்.ஏ., எட்-25519 ஆகிய வகைகளில் புதிய சாவிகளை உண்டாக்கும். கைரேகைகளைக் கன்சோல் திரையிலும் அச்சடிக்கும். வேறு உத்தரவு தராவிட்டால் அதன் இயல்பான நடத்தையே இதுதான்.

கிளவுட்-இனிட் இல்லாத இமேஜைத் தயாரிப்பவர்கள் இதைத் தாங்களே செய்யவேண்டும். மூலத்தை எடுக்கும் முன் சாவிகளை அழிப்பது ஒரு பாதி. "விர்ட்-சிஸ்பிரெப்" போன்ற கருவிகள் அதைச் செய்து தரும். முதல் பூட்டில் சாவி இல்லாததைக் கண்டு புதிது உண்டாக்குவது மறு பாதி. ரெட் ஹேட், ஃபெடோரா வகைகளில் எஸ்.எஸ்.எச். எழுவதற்கு முன்பே, இல்லாத சாவிகளை உண்டாக்கும் ஏற்பாடு கூடவே வருகிறது. டெபியன், உபுண்டு வகைகளில் நிலைமை வேறு. சாவி பிறப்பது மென்பொருளை நிறுவும்போது. ஆகவே அங்கே சாவியை அழித்துவிட்டு மறு பாதியை மறந்தால், புதிய சர்வரில் எஸ்.எஸ்.எச். "சாவியே இல்லை" என்று சொல்லி எழ மறுத்துவிடும். வாசலும் இல்லாமல், உள்ளே போய்ச் சரிசெய்ய வழியும் இல்லாமல், வெளியில் நிற்க வேண்டியதுதான். விளக்கை அணைக்குமுன் தீப்பெட்டி எங்கே என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பிறக்கும்போதே ஒரு கண்டம்

சரி, முதல் பூட்டில் சாவி பிறந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் அந்த இன்னொரு சங்கடம்.

சாவி என்பது யாராலும் ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண். அதை உண்டாக்கக் கம்ப்யூட்டருக்குத் தற்செயல் வேண்டும். தாயக்கட்டையை உருட்டுவதைப் போல. ஆனால் கம்ப்யூட்டர் என்பது சொன்னதை மட்டும் செய்யும் யந்திரம். தற்செயல் அதன் சுபாவத்தில் இல்லை. கீபோர்டில் விரல் படும் நேரம், டிஸ்க் சுழலும் நேரத்தில் வரும் நுண்ணிய வித்தியாசம், நெட்வொர்க்கில் செய்தி வந்து சேரும் கணம், இவற்றை எல்லாம் துளித்துளியாகச் சேர்த்தே அது தற்செயலைத் திரட்டுகிறது. இப்போதுதான் கண்விழித்த சர்வரிடம், அதுவும் கீபோர்டே இல்லாத கிளவுட் சர்வரிடம், எத்தனை துளி இருக்கும்? குடத்தில் நீர் நிரம்புமுன் முகந்தால் எல்லாக் குடத்திலும் அதே வண்டல்தான் வரும்.

2012-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தையும் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த நாடியா ஹெனிங்கர் முதலிய நால்வர், இண்டர்நெட் முழுவதையும் துழாவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட எஸ்.எஸ்.எச். சர்வர்களின் பகிரங்கச் சாவிகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ஆபத்தான முறையில் ஒரே சாவியை மற்றவற்றோடு பகிர்ந்துகொண்டவை 9.6 சதவீதம் என்று கண்டார்கள். அதோடு நிற்கவில்லை. டி.எஸ்.ஏ. என்ற பழைய வகையில் தற்செயல் போதாத காரணத்தால் 1.03 சதவீதச் சர்வர்களின் ரகசியப் பாதியையே கணக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். முதல் பூட்டின்போது குடம் வற்றிக் கிடப்பதை முக்கியமான காரணமாக அவர்கள் சுட்டினார்கள்.

அதற்கு முன்பே டெபியனில் ஒரு பெரிய அனுபவம் உண்டு. 2006 செப்டம்பரில் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளின் டெபியன் பதிப்பில், தேவையற்றவை என்று எண்ணி இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. தற்செயல் வந்து சேரும் வாய்க்காலே அவற்றில்தான் இருந்தது. அதன்பின் சாவி பிறக்க மிஞ்சியது 32,768-க்குள் அடங்கும் ஒரு சிறு எண் மட்டும். உலகத்து டெபியன், உபுண்டு சர்வர்கள் அத்தனையும் ஒவ்வொரு வகையிலும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாவிகளுக்குள் அடங்கிவிட்டன. லூசியானோ பெல்லோ என்பவர் இதைக் கண்டுபிடித்து 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியாகும்வரை, சாவிகள் பார்ப்பதற்கு அசலைப் போலவே இருந்தன. ஆயிரம் பேர் ஆயிரம் மோதிரம் வார்த்தார்கள். வார்ப்பு அச்சோ எண்ணி எடுக்கக்கூடிய சிலவே.

2015-ல் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டரின் ராஸ்ப்பியன் இமேஜிலும் இதன் சாயல் தென்பட்டது. முதல் பூட்டில் சாவியை உண்டாக்கும் ஏற்பாடு முறையாகவே இருந்தது. ஆனால் அந்தச் சிப்பிலேயே உள்ள தற்செயல் எண் கருவியைப் பயன்படுத்தாமல், குடம் நிரம்பாத நேரத்தில் முகந்தது. பிறகு திருத்தினார்கள்.

இதற்கும் வழி பிறந்திருக்கிறது. 2014-ல் வெளிவந்த லினக்ஸ் 3.17-ல் ஒரு புதிய வசதி சேர்ந்தது. குடம் முதன்முறை நிரம்பும்வரை காத்திருந்து, பிறகே தற்செயல் எண்ணைத் தருவது அது. மெய்நிகர் சர்வர்களுக்குக் கீழே உள்ள பெரிய இயந்திரமே தற்செயலை ஊட்டும் ஏற்பாடும் இருக்கிறது. இமேஜ் தயாரிப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது: முந்தைய ஓட்டத்தில் மிச்சம் பிடித்த தற்செயல் விதையும், "மெஷின்-ஐடி" எனும் அடையாள எண்ணும் மூலப் பிரதியில் தங்கிவிடக்கூடாது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வார்ப்பு அச்சை விட்டுவைத்த கதையாகிவிடும்.

அடிக்கடி மாறினாலும் தொல்லை

"அப்படியானால் ஒவ்வொரு பூட்டிலும் புதிய சாவி செய்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கூடாது. சர்வர் எழும்போதெல்லாம் கைரேகை மாறினால் எச்சரிக்கையும் ஒவ்வொரு முறையும் வரும். முதல்முறை திடுக்கிடுவோம், மூன்றாம் முறை முனகுவோம், பத்தாம் முறை படிக்காமலே பழைய பதிவை அழித்துவிட்டு உள்ளே போவோம். "புலி வருது" கதைதான். மணி அடித்தால் நின்று பார்க்கவேண்டும் என்ற பழக்கம் போய்விட்டால், மணி இருந்தும் பயனில்லை. ஆகவே சாவி முதல் பூட்டில் ஒரே ஒரு முறை பிறக்கவேண்டும். அந்தச் சர்வரின் ஆயுள்வரை நிலைத்திருக்கவேண்டும்.

நியாயமான காரணத்தோடு மாற்றினால் அதை முன்கூட்டியோ உடனடியாகவோ அறிவிக்கவேண்டும். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் நிறுவனம் தன் ஆர்.எஸ்.ஏ. ஹோஸ்ட் கீயை மாற்றியது. அதன் ரகசியப் பாதி சிறிது நேரம் பகிரங்கமான ஓரிடத்தில் தவறுதலாக வெளிப்பட்டுவிட்டதே காரணம். உடனே புதிய கைரேகையையும், பழைய பதிவை நீக்கும் முறையையும் வெளியிட்டார்கள். அதைப் பார்த்து ஒப்பிட்டவர்கள் நிம்மதியாக உள்ளே போனார்கள்.

நாளுக்கு நூறு சர்வர் பிறந்து மறையும் பெரிய நிறுவனங்களுக்கு வேறு வழி உண்டு. 2010 முதல் ஓப்பன்-எஸ்.எஸ்.எச். சான்றிதழ் முறையைத் தந்திருக்கிறது. ஒவ்வொரு புதிய சர்வரின் சாவிக்கும் நிறுவனத்தின் தலைமை முத்திரை ஒன்று அத்தாட்சி தரும். நம் கம்ப்யூட்டர் அந்த ஒரு தலைமை முத்திரையை அறிந்திருந்தால் போதும்.

வீட்டில் கேட்கவேண்டிய கேள்விகள்

நமக்கு இவற்றை எல்லாம் கையால் செய்யத் தெரியவேண்டியதில்லை. ஆனால் நம் சங்கத்துக்கோ கடைக்கோ சர்வரைப் பராமரிப்பவரிடம் ஐந்து கேள்விகள் கேட்கலாம்.

1. ஒரே இமேஜிலிருந்து எழுப்பிய இரண்டு சர்வர்களின் கைரேகைகள் வெவ்வேறாக இருக்கின்றனவா? ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். அதே முகவரியில் பழைய சர்வரை நீக்கிப் புதிதை எழுப்பியபோது எச்சரிக்கையே வரவில்லை என்றால் சந்தேகப்படவேண்டும்.

2. சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் கைரேகை மாறாமல் இருக்கிறதா?

3. முதல்முறை இணையும்போது திரையில் காட்டும் கைரேகையை, கிளவுட் நிறுவனத்தின் கன்சோலில் பதிவான கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் "ஆம்" சொன்னாரா, அல்லது பார்க்காமலேயே சொன்னாரா?

4. நம் சர்வரிலிருந்து நாமே ஸ்னாப்ஷாட் எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கிறோமா? கொடுத்திருந்தால் அதில் நம் மோதிரமும் போயிருக்கும். பகிரும் முன் சாவிகளை நீக்கவேண்டும்.

5. நம் சர்வர் எந்த ஆண்டில், எந்த இமேஜிலிருந்து எழுந்தது? இமேஜைத் திருத்தினால் இனிப் பிறப்பவை சரியாகும். முன்பே பிறந்து ஓடிக்கொண்டிருப்பவை தாமாகச் சரியாகா. இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாம் கேள்விக்குப் பதில் திருப்தியாக இல்லையென்றால் சாவியைக் கையாலேயே மாற்றிவிடலாம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஓர் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, பழைய ஹோஸ்ட் கீ ஃபைல்களை நீக்கி, "எஸ்.எஸ்.எச்-கீஜென்" கட்டளையைப் பெரிய "ஏ" என்ற குறிப்போடு தந்தால், இல்லாத சாவிகள் எல்லாம் புதிதாகப் பிறக்கும். எஸ்.எஸ்.எச். சேவையை மறுபடி எழுப்பவேண்டும். திறந்திருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. அந்த இணைப்பிலேயே புதிய கைரேகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, சர்வரைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் தொலைபேசியில் படித்துச் சொல்லிவிட்டு, வேறு ஒரு ஜன்னலில் இணைந்து சரிபார்த்த பிறகே பழைய இணைப்பை மூடவேண்டும். கால் மணி நேர வேலை.

உறுப்பினர்கள் நம்பிக் கொடுத்த பெயரும் முகவரியும் பிள்ளைகளின் ஜாதகமும் அந்தச் சர்வரில் இருக்கின்றன. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், ஆண்டு விழா ஏற்பாட்டுக்கு முன்னால், இந்தக் கால் மணி நேரத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினால் நல்லது.